ஒரு பக்கம் மட்டும் எரிஞ்ச பல்பு

"எரியலன்னு நான் சொல்லவே இல்ல நானா. எரியுது. எடது பக்கம் சிக்னல் போட்டா பளிச்சு பளிச்சுனு எரியுது. வலது பக்கம் போட்டாத்தான்... செத்தது மாதிரி கெடக்கு. அதான் என் கேள்வி."

பதுளையில் புஹாரி நானாவின் மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்குள் நுழைந்ததிலிருந்து சின்னராசா இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. புஹாரி நட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பனியில் தன் மோட்டார் சைக்கிளின் மீட்டர் வெளிச்சம் மங்கலாகத் தெரிகிறதென்று பழைய பல்புகளையெல்லாம் கழற்றி எல்.ஈ.டி. போட்டதுதான் ஆரம்பம். சிக்னலுக்கு ரெண்டு பக்கத்துக்கும் மீட்டரில் ஒரே பல்புதான், எல்.ஈ.டி. போட்டால் ஒரு பக்கத்துக்குத்தான் எரியும் என்று புஹாரி அன்றைக்கே சொல்லியிருந்தார். அதைச் சின்னராசாவும் மறுக்கவில்லை.

"சொன்னீங்கதான். சொன்னவரு கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா மகள் மதுஷாவைப் பெண் பார்க்க மொனராகலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஹல்துமுல்லை டவுனில் காத்து நின்று, மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழி காட்டியது தாய்மாமன் சின்னராசாதான். தோட்டத்து ரோட்டுக்குத் திரும்ப வலது சிக்னலைப் போட்டார். திரும்பியதும் நிறுத்த மறந்துவிட்டார். மீட்டரில் மினுக்கினால்தானே ஞாபகம் வரும் என்று இப்போது புஹாரியிடம் நியாயம் கேட்டார். அன்றைக்குப் பார்த்து நல்ல பனி. பின்னால் வந்த வேன்காரனுக்குத் தெரிந்ததெல்லாம், மீட்டரில் எரியாவிட்டாலும் வண்டியின் பின்னால் மினுக்கிக்கொண்டே போன ஒரு மஞ்சள் வெளிச்சம். ரோடு பிரியும் இடத்தில் சின்னராசா நேரே போனார். வேன் அந்த வெளிச்சத்தை நம்பி, வலது பக்கம் திரும்பி மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது.

அங்கே தொழிலாளர் வீட்டு வரிசைகளில் முதல் லயத்தில் ரெங்கம்மாவின் வீடு. பழத்தட்டோடு இறங்கியவர்களை, யார் நீங்க என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பாயை விரித்தாள். மகள் சுபாஜினி தேத்தண்ணி கொண்டுவந்தாள். போட்டோவில் ஒரு மாதிரி, நேரில் ஒரு மாதிரி இருப்பது வழக்கந்தானே என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்களாம். சின்னராசா தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, சுபாஜினியும் குனிந்து சிரித்து, காரியம் முடிந்திருந்தது.

"கலைச்சு விடவா முடியும்? எனக்கும் ஒரு தேத்தண்ணி குடுத்தாங்க. குடிச்சேன்."

அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதில்லை. சம்சாரம் பேசுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை என்றார். ஆனால் அவருக்கு இருந்த பயமெல்லாம் மதுஷாவை நினைத்துத்தான். அழுதுகொண்டிருப்பாள் என்று தயங்கித் தயங்கி அன்றைக்கு அக்கா வீட்டுக்குள் போனால், அவள் பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டு, வந்தவர்களுக்குச் சுட்ட வடையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாளாம். இவரைப் பார்த்ததும் ஒரு வடையை நீட்டினாளாம்.

இதைச் சொல்லும்போது பெரட்டுத் தொண்டை கொஞ்சம் இறங்கியது.

"அவளுக்கு அந்தப் பையனப் புடிக்கவே இல்லையாம் நானா. நாங்க ஒருத்தருமே கேக்கல. நானும் கேக்கல."

புஹாரி பழைய மாதிரி பல்பு ஒன்றை மேசையில் வைத்துவிட்டு மெதுவாக உள்ளே நழுவினார். சின்னராசா அதைக் கையில் எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆளில்லாத கடையைப் பார்த்து மேலே பேசினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம மதுஷாவப் பாக்க அப்புத்தளையில இருந்து இன்னொரு எடம் வருது. நான்தான் வழி காட்டணும். பல்ப மாத்தட்டுமாம்மான்னு அவகிட்டயே கேட்டேன். மொதல்ல போட்டோவக் காட்டுங்க மாமா, பாத்துட்டுச் சொல்றேங்கிறா."