எண்ணெய் உபயம்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவரும், சுசீந்திரம் சொந்த ஊரானவருமான மாடசாமி பிள்ளை மகன் தாணுமூர்த்தி பிள்ளை, வயது முப்பத்தெட்டு, கொல்லம் 1113-ஆம் ஆண்டு மகர மாதம், தாமாகவே ஸ்டேஷனுக்கு வந்து இன்ஸ்பெக்டர் அவர்கள் முன்பாகச் சொல்ல, தமிழ் தெரிந்த ஹெட் கான்ஸ்டபிள் எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்து வராது. ஆகவே தமிழில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. சங்குமுகம் கடற்கரையில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் எங்கள் சாலைக் கடைத்தெருக் கட்சியின் வண்டியை வேண்டுமென்றே கெடுத்ததாக மெக்கானிக் வேதமாணிக்கத்தை இந்த ஸ்டேஷனில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவர் அதைச் செய்யவில்லை. வண்டி நின்றதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மேற்படி பந்தயம் வருஷந்தோறும் கடல் உள்வாங்கிய நேரம் பார்த்து ஈர மணலில் நடப்பது. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பொன்முடி எஸ்டேட் துரைமார்கள். சாலைக் கடைத்தெருக்காரர்களான நாங்கள் கடலை கொறித்துக்கொண்டு கை தட்டுவதற்குப் போகிறவர்கள். போன வருஷம் பந்தயம் பார்த்துவிட்டு வந்து ஆரியசாலைக் காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து பேசும்போது, நமக்கென்று ஒரு கட்சி இருந்தால் என்ன என்று கிளப்பிவிட்டது அக்கவுண்ட் ஆபீஸ் குமாஸ்தா கல்யாணராமன். அவர் கோட்டைக்குள் இருக்கும் ஐயர். அதன் பின்பு எல்லாருக்கும் அந்தப் பித்துப் பிடித்தது. எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் பிடித்தது. கடையில் கொள்முதல் செய்ய வருகிறவர்களிடம்கூட எண்ணெய் விலையைச் சொல்லாமல் வண்டியின் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று என் வீட்டாரே கேலி செய்தார்கள்.

ஓட்டுவதற்குக் கல்யாணராமனுடைய அத்தை மகன் வெங்கடேஸ்வரன் ஒப்புக்கொண்டார். வக்கீல் படிப்புப் படிக்கிறவர், பயம் என்பதே தெரியாதவர். துரை ஒருவர் கழித்துப்போட்ட வண்டியை வாங்கினோம். அதை ஓட வைக்க வேதமாணிக்கம் வந்தார். அவருக்கு மார்த்தாண்டம் பக்கம். முன்பு பொன்முடி எஸ்டேட்டில் லாரிகளுக்கு வேலை பார்த்தவர், இப்போது சாலைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பஸ் ரிப்பேர் செய்கிறார். இரும்புக் கடை ராஜமணி டயர் கொடுத்தார். இன்னொருவர் பெட்ரோல் கொடுத்தார். எண்ணெய் நான் கொடுப்பதாகச் சொன்னேன். திருவிழா நோட்டீசில் போடுவது போலவே பந்தய நோட்டீசிலும் இன்னது இன்னார் உபயம் என்று அச்சடித்தார்கள். எண்ணெய் உபயம் ஆரியசாலை தாணுமூர்த்தி பிள்ளை என்று வந்தது. அதைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்து, ஒட்டினது போதாதென்று வருகிறவர்களுக்கு வாசித்தும் காட்டினேன்.

பந்தய எஞ்சினுக்குச் சாதாரண மோட்டார் எண்ணெய் தாங்காது, சுத்தமான ஆமணக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று வேதமாணிக்கம் சொல்லியிருந்தார். சூட்டில் நீர்த்துப்போகாமல் அது நிற்குமாம். என் கடையில் ஆமணக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. அதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. விற்பனைக்கான பீப்பாய்கள் முன்னால் இருக்கும். பின்கட்டில் தர்மத் தகரம் என்று ஒன்று இருக்கும். பீப்பாய் அடியில் தங்கிய வண்டல், புனல் வடித்தது, தரையில் சிந்தி வழித்தது எல்லாம் அதில் சேரும். அளவு பற்றாவிட்டால் புன்னை எண்ணெயை ஊற்றி நிரப்புவோம். சும்மா கொடுக்கிற எண்ணெய் எதுவானாலும், கோயில் விளக்குக்கானாலும் பிச்சைக்கு வந்து நிற்கிறவர்களுக்கானாலும், அந்தத் தகரத்திலிருந்துதான் போகும். எரிந்தால் போதும் என்பது கணக்கு. சுவாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகவில்லையே என்று கடைத்தெருவில் சிரித்துக்கொள்வோம். நானும் சிரித்திருக்கிறேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் வேதமாணிக்கம் கொட்டகைக்கு எண்ணெய் கொண்டுபோக வேண்டியிருந்தது. நானே டின்னை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். முன்னால் இருந்த நல்ல பீப்பாயைத் தாண்டித்தான் போனேன். கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. உபயம் என்றால் கால் தானாகப் பின்கட்டுக்குப் போகும், அப்படித்தான் போயிற்று. டின் பாதி நிறைந்தபோது இது விளக்குக்கு இல்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன். சரி, எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று மீதியையும் அதிலிருந்தே நிரப்பினேன்.

அதன் பின்பு கொட்டகைக்குப் போய்க் கொடுத்தேன். வேதமாணிக்கம் விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "சுத்த எண்ணெய் தானே மொதலாளி?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அது கோபமாக வந்தது. "என்னடே, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போய், "தப்பா நினைக்காதீங்க மொதலாளி" என்று சொல்லி எண்ணெயை ஊற்றிக்கொண்டார். அதன் பின்பு அவர் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் பந்தயம் நடந்தது. சாலையே கடைகளை அடைத்துவிட்டுக் கடற்கரைக்கு வந்திருந்தது. வெங்கடேஸ்வரன் தொடக்கத்திலேயே முந்திவிட்டார். துரைமார் வண்டிகள் அவர் கிளப்பிய மணலைத் தின்றுகொண்டு பின்னால் வந்தன. நான் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் என் முதுகில் தட்டி, "பிள்ளைவாள், உம்ம எண்ணெய் பேசுது!" என்றார்கள். நான் அதை ஏற்றுக்கொண்டு கும்பிட்டேன். இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி என்றபோது வண்டி ஒரு கிறீச்சுச் சத்தம் போட்டு, பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே இறுகிவிட்டது. வெங்கடேஸ்வரன் தலைக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டார். வண்டி புரண்டுபோய் அவர் காலின் மேல் விழுந்தது. எண்ணெய்த் தொட்டி உடைந்து எண்ணெய் முழுதும் மணலுக்குள் இறங்கிவிட்டதால் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்ததாகவும், இனி சரியாக நடப்பது சம்சயம் என்றும் டாக்டர் சொன்னதாக அறிந்தேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினேன்.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் காப்பிக் கிளப்பில் எல்லாரும் கூடினோம். நம் கட்சியின் முதல் பந்தயம் எப்படி என்பதுதான் பேச்சு. கல்யாணராமன், "ஜயிக்கலேன்னா என்ன ஓய்? துரைமாரைப் பின்னாலே விட்டுட்டு ஓடினானோ இல்லையோ, முதல் தடவைக்கு அது போறும்" என்றார். ராஜமணி அதை ஒப்பவில்லை. "என்னத்தைப் போறும்? முந்தி ஓடி மண்ணுல விழுயதுக்கா டயர் குடுத்தேன்? எப்பவும் முறுக்கிப் பிடிச்சுட்டே போனா எஞ்சின் வெந்து போவாதா? ஓட்டத் தெரியல்ல" என்றார். அத்தை மகனைச் சொன்னதும் கல்யாணராமனுக்கு ரோசம் வந்துவிட்டது. ஒருவர் வண்டியே பழசு என்றார். ஒருவர் சனிக்கிழமை வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேனே என்றார். மேஜையில் காப்பி ஆறிப்போகும்படி இரைந்தார்கள்.

அப்போது கல்யாணராமன், "கொஞ்சம் ஆலோசிச்சுப் பாருங்கோ. எஞ்சின் இறுகித்துன்னா எண்ணெய்தானே காரணமா இருக்கணும்?" என்று சொல்லிவிட்டு உடனே என் பக்கம் திரும்பி, "நம்ம பிள்ளைவாள் எண்ணெயிலே சம்சயமே வேண்டாம், அது ஃபஸ்ட் கிளாஸ்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். காரணம் எது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "எண்ணெய் நல்லதுதான் வே. அதை ஊத்தின கை யாரு கைன்னு பாத்தீரா? பொன்முடியிலே துரைமார் சோத்தைத் தின்னவன் இல்லையா அவன்?" என்றேன்.

அதன் பின்பு எல்லாரும் ஒரே குரலாக அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஓட்டியவர் மேலும் குற்றமில்லை, வண்டி மேலும் குற்றமில்லை, நம் கட்சி தோற்கவும் இல்லை, ஒருவன் காட்டிக்கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். ராஜமணியும் கல்யாணராமனும் சமாதானமாகிவிட்டார்கள். அங்கேயே புகார் எழுதினார்கள். கல்யாணராமனுக்கு அடுத்தபடியாக நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கொட்டகையிலிருந்து வேதமாணிக்கத்தைப் போலீசார் கொண்டுபோனார்கள். போகிற வழியில் கடைத்தெருக்காரர்கள் சிலர் அவர் மேல் துப்பினார்கள். நான் கடைக்குள் இருந்து பார்த்தேன்.

இன்று காலை வேதமாணிக்கத்தின் மனைவி தாசம்மாள் என் கடைக்கு வந்தார். நான் அவர்களை அதற்கு முன்பு பார்த்ததில்லை. கடை ஓரமாக நின்று, "அவரு ஒண்ணும் செய்யல்ல மொதலாளி, எனக்க பிள்ளையளாணை" என்றார். அதன் பின்பு, "ஸ்டேஷன்ல என்ன கேட்டாலும் வாயைத் தொறக்க மாட்டேங்காரு. சுவரைப் பாத்துட்டு இருக்காரு. எண்ணெய் தந்த மொதலாளி ஒரு நல்ல வார்த்தை சொன்னா போலீசு ஏமான்மாரு கேப்பாவ" என்றார். புகாரில் என் கையெழுத்து இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று, கொஞ்சம் எண்ணெய் கொடுத்தனுப்பு என்று கடையாளிடம் சொன்னேன். அவன் ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போனான். அவன்மேல் தப்பில்லை, நான் பழக்கின பழக்கம். அவன் போகிறதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்க நின்றவர்கள் முன்னால் வேண்டாமடா என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று சும்மா இருந்தேன். அந்த அம்மாள் குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் சாலைத் திருப்பம் போவதற்குள் என்னால் தாங்க முடியவில்லை. மேல்துண்டுகூட இல்லாமல் ஓடிப்போய், குப்பியை அவர்கள் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கினேன். கொடுத்ததைப் பிடுங்குகிறேன் என்று நினைத்து அவர்கள் பயந்துபோனார்கள். தெருவில் நின்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அங்கே வைத்து அவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே இங்கே வந்துவிட்டேன். அந்தக் குப்பியை இத்துடன் ஒப்படைக்கிறேன். தகரம் கடையில் தொடாமல் இருக்கிறது, ஆள் விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியைக் கெடுக்கும் நோக்கம் இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, இல்லை என்றேன். அந்த எண்ணெய் எஞ்சினுக்கு ஆகாது என்று தெரியுமா என்று கேட்டதற்கு, ஆகாது என்று தெரியாது, நல்ல எண்ணெய் இல்லை என்று தெரியும் என்றேன். அப்படியானால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, வெட்கம் என்றேன். ஜெயிலுக்குப் பயந்து இல்லை. கோயில்களுக்கெல்லாம் இந்த எண்ணெயைத்தான் கொடுத்தான் என்று ஊர் பேசுமே, நோட்டீசைக் காட்டிச் சிரிப்பார்களே என்ற வெட்கம். அதற்காக ஒருவரை உள்ளே இருக்க விட்டேன்.

மேற்கண்டவற்றை ஹெட் கான்ஸ்டபிள் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். லாக்கப் அதே கூடத்தில் இருப்பதால் வேதமாணிக்கத்துக்கும் கேட்டிருக்கிறது. வாசித்து முடித்து நான் பேனாவை வாங்கும்போது அவர் எழுந்து கம்பி ஓரம் வந்தார். என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "மொதலாளி, அப்போ நான் எண்ணெய்க் குழாயைப் பூட்டினது சரிதானா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "நான்தான் குழாயைச் சரியா முறுக்காம விட்டு எண்ணெய் ஒழுகிப் போச்சுன்னு நினைச்சேன். அந்த சாரு காலை ஒடிச்சது நான்தான்னு நினைச்சிட்டுல்லா இருந்தேன்" என்று சொல்லிக் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அவர் இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது அதனால்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. நீர் பூட்டினது சரிதான் என்று நான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இதையும் எழுதும்படி நான் கேட்டதால் எழுதப்பட்டது. இதிலுள்ளதெல்லாம் நானே சொன்னது, நான் சொன்னதெல்லாம் நடந்தது, எனக்கு நல்லதாக எதையும் கூட்டவில்லை, கெடுதலாக எதையும் விடவில்லை. வாசிக்கக் கேட்டுச் சம்மதித்து ஒப்பம்:

மா. தாணுமூர்த்தி பிள்ளை