பக்கத்து வீட்டுக்குக் கிடையாது

அக்கா: கொஞ்சம் தள்ளி நில்லுடா, சிக்னலை மறைக்கிற.

தம்பி: இந்த ஒடம்பா? இது காத்தையே மறைக்காதுக்கா.

அக்கா: என்ன, குரல் கம்மிப் போயிருக்கு?

தம்பி: நேத்து பூரா காய்ச்சல். இப்போ பரவாயில்ல... நீ எங்க இந்தப் பக்கம்? போன்ல பேசுறதோட சரி, கடைக்கெல்லாம் வரமாட்டியே.

அக்கா: வேலைதான். வைஃபை சரியா எடுக்குதான்னு பார்க்கணும்.

தம்பி: நல்லாத்தானே எடுக்குது... அது என்ன, வீடியோ கேம் மாதிரி?

அக்கா: குட்டிக் கம்ப்யூட்டர்டா. லேப்டாப்ல ஓடுற லினக்ஸ்தான் இதுலயும் ஓடுது. வைஃபை மாட்டப் போற இடத்துல லேப்டாப்பைத் தூக்கிட்டு ஏணி ஏற முடியுமா? இதுல ஸ்கேன் விட்டா சுத்தி இருக்கிற வைஃபை எல்லாம் வரிசையா வந்துடும். எந்த போன் எதைத் தேடுதுன்னும் தெரியும்.

தம்பி: போன் எதுக்குத் தேடுது?

அக்கா: பேரை மறைச்சு வெச்ச வைஃபை தானா வாயைத் திறக்காது. போன்தான் போற இடமெல்லாம் "இருக்கியா, இருக்கியா"ன்னு பேர் சொல்லிக் கூப்பிடணும்... இதோ, இந்தக் கடையில ஒரு போன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு.

தம்பி: என்னன்னு?

அக்கா: "பக்கத்து வீட்டுக்குக் கிடையாது."

தம்பி: அது... வேற யாரோடதாவது இருக்கும்.

அக்கா: இப்படி ஒரு பேரை உன்னை விட்டா வேற எவன் வெப்பான்?

தம்பி: அந்தப் பக்கத்து வீட்டு மனுஷன் தினம் பாஸ்வேர்ட் கேட்டு உயிரை வாங்கினாரே! பேரைப் பார்த்து அப்பாவுக்கு உதறிடுச்சு. "மறைச்சுடுடா, சண்டைக்கு வரப்போறார்"னு...

அக்கா: சிரிக்கிற. நம்ம வீட்டையே மறந்துட்டேன்னு போன வாரம் சொன்ன.

தம்பி: போன்ல அந்தப் பேரை அழிக்காம விட்டிருப்பேன். இதோ, இப்பவே அழிச்சுடறேன்.

அக்கா: அழி. பார்க்கிறேன்.

தம்பி: கை ஈரமா இருக்குக்கா... லென்ஸ் தேய்ச்ச கை. அப்புறமா...

அக்கா: வீட்டுக்கு வாடா.

தம்பி: நல்ல வேலையை விட்டுட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போறேன்னதுக்கு, வாசப்படி மிதிக்காதேன்னவர் யாரு? அப்பா ஒரு தடவை "வா"ன்னு சொல்லட்டும். ஓடி வந்துடறேன்.

அக்கா: அவருக்கு அது வாயில வராதுடா.

தம்பி: அப்போ நானும் வரமாட்டேன். ரெண்டு வருஷமா அந்தத் தெருப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கல.

அக்கா: ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு, தெருமுனையில?

தம்பி: ...யார் பார்த்தா?

அக்கா: யாரும் பார்க்கல. நீ வந்து நின்னா உன் போன் நம்ம வீட்டு வைஃபையில தானா ஒட்டிக்குது. வைஃபை ஆப்ல எங்க போன் பேருக்குக் கீழ உன் போன் பேர் "ஒல்லி"ன்னு வருது. கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் போயிடும்.

தம்பி: மாடியில லைட் எரியுதான்னு பார்ப்பேன். அவர் யாரையாவது திட்டுற சத்தம் கேட்குமான்னு நிப்பேன்... ஏங்கிப் போயிடுதுக்கா. நீ கண்டுபிடிச்சதை அவர்கிட்ட சொல்லிடாதே.

அக்கா: கண்டுபிடிச்சது நான் இல்ல.

தம்பி: பின்ன?

அக்கா: அப்பா. ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கே போனோட உக்கார்ந்துடுவார். நேத்து உன் பேர் வரல. வைஃபைதான் எட்டலையோன்னு, பெட்டியைத் தெருப்பக்க ஜன்னலுக்கு மாத்திட்டு, முனையில போய் ஸ்கேன் பண்ணச் சொன்னார். "நல்லா எட்டுதுப்பா, அவன்தான் வரல"ன்னேன். அதான் இன்னிக்கு என்னை இங்க அனுப்பியிருக்கார்.