தொலைந்த இடமும் தெரியவந்த இடமும்

இந்த அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சுக்கு முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்ட மதிப்பிற்குரிய காவல்துறைக் கண்காணிப்பாளர் அவர்களே! மேடையின் இடப்பக்கம் அமர்ந்து என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களே! பேருந்து நிலைய வணிகர் சங்கத்தின் தலைவர் அவர்களே! வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி இருந்தும் உட்காராமல் சுவரோரம் நிற்கும் ஓட்டுநர், நடத்துநர் அண்ணன்மார்களே! எதிர்த்துக் கேள்வி கேட்கவென்றே வந்திருக்கும் பெரியவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் காவல்துறையில் வரைபடம் போடுகிறவள். தொப்பி கிடையாது, தடி கிடையாது. ஒரு திரை. அதில் உங்கள் ஊர். உங்கள் தெருக்கள். தெருக்களின்மேல் புள்ளிகள். ஒரு புகார், ஒரு புள்ளி. புள்ளிகள் நெருங்கினால் மஞ்சள். இன்னும் நெருங்கினால் சிவப்பு. சிவந்த இடத்துக்குக் காவலர் போவார். இவ்வளவுதான் என் கல்வி, இவ்வளவுதான் என் கருவி.

"இதெல்லாம் பொம்மைப் படம்" என்று முன்வரிசையில் யாரோ சொல்வது காதில் விழுகிறது. பொம்மையா? மருத்துவமனையின் பின்வாசலில் வாரம் தவறாமல் வண்டி காணாமல் போனதே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வண்டிக்காரரும் தனக்கு மட்டும் நேர்ந்ததாக நினைத்து அழுதார். படம் அந்த அழுகைகளை ஒரே இடத்தில் கூட்டிக் காட்டியது. எல்லாம் ஒரே மதிலோரம். எல்லாம் ஒரே அணைந்த விளக்கின் கீழ். விளக்கைப் போட்டார்கள், ரோந்து நேரத்தை மாற்றினார்கள். இப்போது அங்கே வண்டி திருட்டு உண்டா? சொல்லுங்கள், உண்டா? இல்லை! ஆகவே ஐயா, இந்தப் படத்தை நான் நம்புகிறேன். நம்புகிறதால்தான் அதன் தவறைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம் பேருந்து நிலையம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு நீளமான பெஞ்சு. பெஞ்சுக்கு நேர் எதிரே பை காப்பகம். வெளியூர்க்காரர்கள் பெட்டியை வைத்துவிட்டு, எண் போட்ட அட்டையை வாங்கிக்கொண்டு ஊருக்குள் போவார்கள். அதை நடத்துகிறவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பூட்டு அக்கா. உங்களுக்கு அக்கா. எனக்கு அத்தை, அப்பாவோடு கூடப் பிறந்தவர். இதை நான் மறைக்கவில்லை. மறைத்தால் நீங்கள் விடுவீர்களா?

அந்தக் கடைவாசலில்தான் படம் ரத்தச் சிவப்பாகச் சிவந்தது. பர்ஸ் காணோம், செல்போன் காணோம், சங்கிலி காணோம். இடம்? பேருந்து நிலையம், பை காப்பகம் எதிரே. எல்லாப் புகாரும் அதே. வாசலில் இரண்டு காவலர்களை நிறுத்தினார்கள். என்ன நடந்தது? புகார் கூடியது! ஏன்? பறிகொடுத்தவர் கண்முன்னே காக்கிச்சட்டை நிற்கிறது, உடனே சொல்கிறார். சொன்னால் ஒரு புள்ளி. புள்ளி கூடினால் இன்னும் ஒரு காவலர். காவலர் கூடினால் இன்னும் புகார். சிவப்பு சிவப்பைப் பெற்றது. கடைசியில் கடைக்குள் சோதனை. கிடைத்தது ஒன்றுமில்லை. இருந்தாலும் விசாரணை முடியும்வரை கடைக்குச் சீல்.

சீல் வைத்த அன்று மாலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"படம் போடுற வேலைக்குத்தானடி போன? நல்லா போட்டிருக்கீங்க. ஊரையே சின்னதா போட்டுட்டு என் கடைய மட்டும் பெருசா போட்டிருக்கீங்க!"

"அத்தை, அது நான் போட்டதில்ல. நான் வர்றதுக்கு முன்னாடியே..."

"யார் போட்டா என்ன? இத்தனை வருஷத்துல ஒருத்தர் குடை இன்னொருத்தர்கிட்ட மாறிப் போனதில்ல. இன்னிக்கு நான் திருடியா? இதே ஊர்ல நான் எப்படி தலை நிமிந்து நடப்பேன், சொல்லு."

அவர் கடையைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டது வேறு. பை காப்பகத்தில் விற்பனைக்கு என்ன இருக்கிறது? அலமாரி இருக்கிறது, அட்டை இருக்கிறது, பூட்டு இருக்கிறது. மக்கள் காசு கொடுப்பது இவை எதற்கும் இல்லை. இந்த அம்மா எடுக்கமாட்டார் என்ற எண்ணத்துக்கு. அந்த எண்ணம் போனால் அது கடையா? வெறும் அறை.

மறுநாள் காலை நேராக இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் போனேன். சண்டை போட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கிறார், பாருங்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஏம்மா, உங்க அத்தைங்கிறதுக்காக மேப்புல இருக்கிற புள்ளிய அழிச்சிர முடியுமா? நாளைக்கு என் மச்சான் வருவான், அவன் தெருவையும் அழிக்கச் சொல்லுவான். அழிக்கவா?"

ஐயா சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி. அத்தைக்காக ஒரு புள்ளியை அழிக்கலாகாது. ஆனால் அந்தப் புள்ளி அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்கலாம் அல்லவா? "கேளுங்க, யார் வேணாங்கிறா" என்றார். கேட்கப் போனேன். காவல் நிலையத்தில் ரைட்டர் மேசையருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். புகாரைக் கணினியில் ஏற்றுகிறவர் அவர்தான்.

ஒரு நர்ஸ் வந்தார். வெள்ளை உடை கசங்கியிருந்தது. பர்ஸ் போய்விட்டது.

"எங்கம்மா தொலைச்சீங்க?" என்றார் ரைட்டர்.

"தொலைச்ச எடம் தெரிஞ்சா நானே போய் எடுத்துட்டு வந்திருக்க மாட்டேனா? உங்க மூஞ்சிய பாக்க எதுக்கு வர்றேன்?"

"கோவப்படாதீங்க. ஏதாவது ஒரு எடம் சொல்லுங்கம்மா. இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா இந்தச் சனியன் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"பஸ் ஸ்டாண்டுல எறங்கி, பெஞ்சுல உக்காந்து பைய தொறந்தேன். காணோம்."

"அப்ப பஸ் ஸ்டாண்டு."

தட்டினார். என் திரையில் ஒரு புள்ளி விழுந்திருக்கும். எங்கே? அத்தையின் வாசலில்!

சபையோரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அப்போது ஸ்டூலை விட்டே எழுந்துவிட்டேன். பொருள் தொலைந்த இடம் ஒன்று. தொலைந்தது தெரியவந்த இடம் வேறொன்று. நாம் கேட்டது முதல் இடத்தை. அவர்கள் சொன்னது இரண்டாம் இடத்தை. யார் பொய் சொன்னது? நர்ஸ் சொல்லவில்லை. ரைட்டர் சொல்லவில்லை. கணினியும் சொல்லவில்லை. எல்லோரும் உண்மையே பேசினார்கள். எல்லா உண்மையும் சேர்ந்து ஒரு பெண்ணைத் திருடியாக்கியது.

"அக்கா, பர்ஸைக் கடைசியா எப்ப கையில வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"டிக்கெட் எடுக்கும்போது. மார்க்கெட்டுல ஏறினேன், அங்கேயே எடுத்துட்டேன்."

இரண்டு இடங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அதற்குள் எங்கோ நடந்திருக்கிறது.

பழைய புகார்க்காரர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசினேன். அந்தக் கதையைக் கேளுங்கள். ஒருவர் நான் வாயைத் திறக்குமுன், "லோன் எல்லாம் வேணாம்மா, வை போன!" என்றார். ஒரு பெரியம்மா "கெடச்சிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவால்ல கண்ணு, நீயாச்சும் கூப்புட்டு கேட்டியே" என்றவர், ஏறிய நிறுத்தத்தையும், நின்ற இடத்தையும், பக்கத்தில் நெருக்கிய கூட்டத்தையும் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் கடைசியாகப் பார்த்த இடம், காணோம் என்று தெரிந்த இடம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. கோட்டின்மேல் கோடு. எங்கே கோடுகள் அதிகம் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவோ அங்கே கறுப்பு.

கறுத்தது எங்கே? பேருந்து நிலையத்திலா? இல்லை. பெஞ்சிலா? இல்லை. பை காப்பகத்திலா? இல்லவே இல்லை! மார்க்கெட் நிறுத்தத்திலிருந்து மேம்பால வளைவுவரை. வண்டி ஊர்ந்து போகும் இடம். இரண்டு வாசலிலும் கூட்டம் பிதுங்கும் இடம். அந்தச் சிறிய தூரத்தில்தான் இத்தனை பேரின் பர்ஸும் போயிருக்கிறது!

என்ன அது, பின்னால் சத்தம்? ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்கவில்லை, கொஞ்சம் உரக்க... "அப்ப கண்டக்டரைப் புடிங்க" என்கிறீர்களா? "அவனுக்குத் தெரியாம நடக்குமா" என்கிறீர்களா?

அமைதி. அமைதி, ஐயா. கொஞ்சம் அமைதி.

அண்ணே! சுவரோரம் நின்ற அண்ணே, அந்தத் தடத்தில் போகிறவர் நீங்கள்தானே? வெளியே போகாதீர்கள். நில்லுங்கள். நீங்கள் இப்போது போனால் அதற்கும் ஒரு காரணம் கற்பிப்பார்கள்.

கேள்வி கேட்டவர் யார்? பச்சைச் சட்டை ஐயாவா? ஐயா, கோபம் வேண்டாம், ஒரு கேள்வி கேட்கிறேன். வீடு எங்கே? மார்க்கெட் நிறுத்தத்துக்கு எதிரிலேயா! அப்படியானால் என் கோடு உங்கள் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நாளைக் காலை உங்கள் வீட்டுக்குச் சீல் வைக்கச் சொல்லட்டுமா?

சிரிக்காதீர்கள், அவரும் நல்லவர்தான். நாம் எல்லோரும் நல்லவர்கள்தான். பூட்டு அக்காவுக்கு நியாயம் கேட்டுத்தான் இங்கே கூடினோம். ஒரு பழி இறங்கிய அதே மூச்சில் அதை ஏற்றிவைக்க இன்னொரு தோளைத் தேடினோம். இதற்கு வரைபடம் எதற்கு? கணினி எதற்கு? நம் கண்ணே போதுமே!

படம் இடத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. "இங்கே வந்து பார்" என்று சொல்லும். "இவரைப் பிடி" என்று சொல்லாது. வந்து பார்ப்பது காவலரின் வேலை. பார்த்ததை மெய்ப்பிப்பது அவருடைய கடமை. மெய்ப்பிக்கும்வரை வாயடக்கிக் காத்திருப்பது உங்கள் கடமை, என் கடமை. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் திரையில் சிவக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பத்தைச் சுடும்.

இன்ஸ்பெக்டர் ஐயா தன் கடமையைச் செய்தார். புதுப்படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொடர்ந்து பார்த்தார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டு, "இனிமே ரெண்டு கட்டம் போடுங்க. கடைசியா பாத்தது எங்கே, காணோம்னு தெரிஞ்சது எங்கே" என்றார். கடைவாசலில் நின்ற காவலர்களைச் சாதாரண உடையில் அந்தத் தடத்துப் பேருந்தில் ஏற்றினார். புகார் குறையத் தொடங்கியிருக்கிறது. "ஒழிந்துவிட்டது" என்று மேடைக்காக நான் சொல்லமாட்டேன், இன்னும் நாள் போதாது. ஆனால் அத்தையின் உறவுக்காரியாக இல்லாமல் இந்தத் துறையின் ஊழியராகச் சொல்கிறேன்: அந்தக் கடைவாசலில் ஒரு திருட்டுகூட நடந்ததற்குச் சான்று இல்லை. ஒன்றுகூட இல்லை!

அவைத் தலைவரான கண்காணிப்பாளர் அவர்களே, முடிவை இந்த மேடையிலேயே சொல்வதாக வாக்களித்திருக்கிறீர்கள். சீலை உடைக்க உத்தரவிடுங்கள். சாவியை அத்தையின் கையில் கொடுங்கள்.

தலைவர் தலையை அசைக்கிறார். ஐயா, அசைத்தது சரி என்றா, நேரமாயிற்று இறங்கு என்றா? சரி என்றுதான்! கேட்டீர்களா? நாளைக் காலை கடை திறக்கும்! தலைவரே சொல்லிவிட்டார்! ஐயா, உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி.

கை தட்டுகிறீர்கள். எல்லோரும் தட்டுகிறீர்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. என் அத்தை. எழுந்து நிற்கிறார். சொல்லுங்க அத்தை.

"கதவ தொறந்து விட்டா போதுமாடி? உள்ள யாரு வந்து பைய வெப்பா?"

கேட்டீர்களா, சபையோரே? இதற்குத் தலைவரால் உத்தரவு போட முடியாது. இன்ஸ்பெக்டரால் முடியாது. என் கணினியில் இதற்கு ஒரு பொத்தான் கிடையாது. இதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் நீங்கள். கடையைத் தாண்டும்போது பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டவர்கள் இந்த அரங்கில் இல்லையா? தெரிந்தவர்களிடம் "அங்க வெக்காத" என்று கிசுகிசுத்தவர்கள் இல்லையா? பெயர் கேட்கமாட்டேன். ஆளைக் கைகாட்டும் வேலை வேண்டாம் என்று இப்போதுதான் பேசினோம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர் கேட்டதற்கு என்ன பதில்?

பேசுங்கள். யாராவது.

அதோ, ஓரத்தில் ஒரு கை. அந்த நர்ஸ் அக்கா! பர்ஸைப் பறிகொடுத்தவர். அந்தக் கடைவாசலில் புள்ளியாக விழுந்தவர். மைக்கை அவரிடம் கொடுங்கள், தம்பி.

"எனக்கு நாளைக்குக் காலைல ஷிப்ட். மாத்துத்துணிப் பைய தெனமும் தூக்கிக்கிட்டு அலையறேன். அக்கா, எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?"

அத்தை, உங்களைத்தான் கேட்கிறார். பதில் சொல்லுங்கள்.

"ஆறு மணிக்கு. லேட்டா வந்தா அட்டை தீந்துரும், சொல்லிட்டேன்!"

இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களுக்கும், போகாமல் நின்ற நடத்துநர் அண்ணனுக்கும், சத்தம் போட்ட பச்சைச் சட்டை ஐயாவுக்கும், தாய்மார்களுக்கும், உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். வணக்கம்.