பௌர்ணமிப் பதிவேடு

நாட்காட்டித் தாளை நேராகக் கிழிப்பது பலருக்கு வராது. அவசரத்தில் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுப்பார்கள். பாதித் தாள் மேலேயே தொங்கும், அடுத்த நாளின் நல்ல நேரத்தை மறைக்கும். எங்கள் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. டைம் ஆபீஸில் உட்காருகிறவன் தேதியில் தப்பு விடக்கூடாது.

நடுவர் ஐயா, வாக்குமூலம் சொல்லியாக வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, நன்றாக யோசித்துக்கொள் என்று நேற்று ஒரு நாள் அவகாசம் கொடுத்தீர்கள். நன்றி. யோசிக்க ஒன்றும் இல்லாததால் நன்றாகத் தூங்கினேன். என் பெயர் அய்யாசாமி, வயது ஐம்பத்தொன்று, வீடு ராயபுரத்தில். குடி, பீடி, சீட்டு எதுவும் கிடையாது. இதுவரை யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. பக்கத்து வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் பக்கம் எல்லாரும் அமாவாசையைத்தான் பார்ப்பார்கள். அமாவாசையானால் கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைத்து, மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, ஆளுக்கொரு பொட்டலம் பொரிகடலை கொடுப்பார்கள். பௌர்ணமியை ஒருவரும் கண்டுகொள்வதில்லை. அது எவ்வளவு பெரிய கவனக்குறைவு என்று 2003 சித்திரையில் எனக்குப் புரிந்தது. அன்று வீரணன் என்ற டெய்லர், மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்ற தகராறில் பக்கத்து மெஷின்காரன் மேல் கத்தரிக்கோலை வீசினான். அடுத்த மாதம் பட்டன் மெஷினில் ஒரு பெண்ணின் விரலில் ஊசி இறங்கியது. இரண்டு நாளும் தாளைக் கிழித்தவன் நான். இரண்டு தாளிலும் வெள்ளை வட்டம் போட்டிருந்தது.

அன்றைக்கே நீளமாக ஒரு நோட்டு வாங்கிப் பதிவேடு தொடங்கினேன். நியாயமாகத்தான் எழுதினேன். பௌர்ணமியன்று அடிதடியோ விபத்தோ நடந்தால் எழுதுவேன். முந்தின நாள் நடந்தால், திதி அன்று மதியமே தொடங்கியிருக்கும், எழுதுவேன். மறுநாள் நடந்தால், நிலா ஒரே நாளில் தேய்ந்துவிடுவதில்லை, அதையும் எழுதுவேன். மற்ற நாட்களிலும் கை வெட்டுப்படும், சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அதெல்லாம் சாதாரணச் சமாச்சாரம். எழுதி நோட்டை வீணாக்கவில்லை. ஒரு வருஷத்தில் பதினேழு சம்பவங்கள் சேர்ந்தன. பதினேழும் பௌர்ணமியில். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளி சிவராஜ் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அதுவரை என்னை "ஏனப்பா" என்றுதான் கூப்பிடுவார். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர் எழுந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்ணா" என்றார். அந்த அறைக்குள் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. அதன்பிறகு பெரிய ஆர்டருக்குத் துணி வெட்டுவதென்றால் என்னைக் கேட்டுத்தான் நாள் குறித்தார்கள். பனியன் கடைகள் இருக்கும் காதர்பேட்டையிலிருந்து அவருடைய நண்பர்கள்கூட, இந்த மாதம் எந்தத் தேதியில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்கு போன் செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷம் வாசலில் உட்கார்ந்து வருகைக் கார்டு குத்தியவனை ஒருவர் பேர் சொல்லி விசாரித்தால் பிடிக்கத்தான் செய்யும்.

2004 கார்த்திகைப் பௌர்ணமியன்று மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. சிவராஜ் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் வீரணனிடம், கட்டிங் மாஸ்டர் அவன் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாகச் சொன்னேன். மாஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நிலாவின் பிடியில் இல்லாதவன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பான். வீரணன் மாஸ்டரின் மூக்கை உடைத்தான். அவன் பௌர்ணமிக்கு அகப்படுகிற ஆள் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தை, மாசியிலும் இப்படிச் சில்லறை உதவிகள் செய்ய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் உண்மையான நேரம் போட்டு எழுதியிருக்கிறேன்.

2005ல் வெளிநாட்டு ஆர்டர்கள் கூடின. பாதுகாப்பு விஷயங்களைப் பார்க்க ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தவர்கள் கேட்டதால் கீதாஞ்சலி என்ற பெண்ணை எடுத்தார்கள். கோயம்புத்தூரில் படித்தவள், மரியாதை தெரிந்த பிள்ளை. என் பதிவேட்டை இரண்டு நாள் வாங்கி வைத்துக்கொண்டாள். கூடவே, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிய பழைய சீட்டுகளையெல்லாம் மூட்டையிலிருந்து எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினாள். மூன்றாம் நாள் சிவராஜ் முன்னால் என்னையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"அண்ணா தப்பா நெனைக்கப்படாதுங்க. மாசம் முப்பது நாளும் அடிபட்டுத்தானுங்க இருக்குது. சரக்கு அனுப்பற வாரத்துலதான் ரொம்ப. பதினாறு மணி நேரம் நின்னா யாருக்குமே கை தவறுமுங்க. நெலாவுக்கு நம்ம ஷிப்மென்ட் தேதி தெரியுமுங்களா?"

சிவராஜ் சிரித்தார். அவர் சிரித்திருக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று பௌர்ணமி பார்ப்பது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் பதிவேட்டை மூடிவிட்டு நான் கார்டு வேலையை மட்டும் பார்ப்பது. சரி என்றேன். எனக்குப் பயமில்லை, உண்மை என் பக்கம் இருந்தது.

ஆனியில் ஒரு பெண்ணுக்கு ஊசி குத்தியது. கீதாஞ்சலி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஊசி தினமும்தான் குத்துகிறது என்றாள். ஆடியில் அயர்ன் செய்கிற இரண்டு பேரிடம் ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொன்னதாகச் சொல்லிவைத்தேன். இரண்டு பேரும் ஒன்றாகவே வந்து, "அண்ணனுக்கு வேற வேலையில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, தோளில் கைபோட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரம் சிவராஜின் அறைக்குப் போனேன். நாற்காலியில் துணிச் சாம்பிள்களை அடுக்கி வைத்திருந்தார். எடுத்துவைக்கவில்லை.

அடுத்த அமாவாசையன்று எல்லாரும் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க வாசலில் கூடியிருந்தார்கள். நான் இரண்டாம் மாடிக்குப் போனேன். எங்கள் சரக்கு லிஃப்டில் கம்பிக் கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. கதவோரம் அதற்கென்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. அதை அழுத்திக் கம்பியால் கட்டினேன். இனி கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் கீழே போகும். முதல் மாடியைத் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து விழுந்தால் கால்தான் முறியும். வெறும் கால் முறிவு என்றால் கீதாஞ்சலி அதையும் தூக்கக் கலக்கத்தின் கணக்கில் சேர்த்துவிடுவாள்.

துணிக்கட்டு ஏற்றும் தள்ளுவண்டிக்கு முன்சக்கரம் இரண்டும் ஒழுங்காகச் சுற்றாது. அதனால் எங்கள் கம்பெனியில் எல்லாரும் அதைப் பின்பக்கமாக நடந்துதான் லிஃப்டுக்குள் இழுப்பார்கள். பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நிற்கிறது என்று அர்த்தம். வழக்கமாக இழுப்பவன் ராஜபாண்டி. அவன் ஆவணிப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போக லீவு கேட்டான். லீவு எழுதியவன் நான். அவன் இல்லாத நாளில் ஒச்சம்மாள் இழுப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. மகள் விஜயராணியும் அதே மாடியில் செக்கிங்கில் இருந்தாள். நான் இடத்தை விட்டு எழ முடியாது என்பதால் சாயங்கால டீயை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பது ஒச்சம்மாள்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை, அவளாகச் செய்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் கார்டு குத்தும்போது, "இன்னைக்குப் பௌர்ணமியாம்ல. எனக்குக் கிறுக்குப் பிடிச்சா நீங்கதேன் பாத்துக்கிறணும்ய்யா" என்று சிரித்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

நாலு மணிக்கு டீ மணி அடித்தது. மேலே யாரும் இல்லை. போய்க் கதவைத் திறந்து வைத்து, லிஃப்டைக் கீழே அனுப்பிவிட்டு, பக்கத்திலிருந்த டியூப்லைட்டை அணைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒச்சம்மாள் டீ கொண்டுவந்தாள். குடித்தேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நாலு இருபத்தைந்துக்குச் சத்தம் கேட்டது.

அவளைத் தூக்கி வேனில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். விஜயராணி அழவில்லை. மேலே கிடந்த அம்மாவின் செருப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இது இல்லாம அம்மாவுக்கு நடக்க முடியாதுய்யா" என்று என்னிடம் கொடுத்தாள். வாங்கி ஒச்சம்மாளின் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. அதற்குள் உயிர் போயிருந்தது. டைம் ஆபீஸுக்கு வந்து நேரம் போட்டு எழுதினேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். கீதாஞ்சலி கம்பியைக் கண்டுபிடித்தாள். லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினாள். கம்பி இருந்தது, அணைந்த விளக்கு இருந்தது, சக்கரம் சுற்றாத வண்டி இருந்தது. பௌர்ணமி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சிவராஜிடம் போய், "தம்பி, அன்னைக்கு ஆவணிப் பௌர்ணமிங்க" என்றேன். அவர் என்னை வெளியே போகச் சொன்னார். அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். மெக்கானிக்கை விட்டுவிடுங்கள், அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒச்சம்மாளைக் கொன்றது நான்தான். என்னிடம் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஐம்பத்தொரு வருஷமாக ஒரு எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன், தனக்கு டீ கொடுத்தவளை, எந்த விரோதமும் இல்லாமல் கொன்றிருக்கிறான். கொன்ற நாள் பௌர்ணமி. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இந்த வாக்குமூலத்தில் ஒரு நகலை அந்தப் பிள்ளை கீதாஞ்சலிக்கு அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். படித்தவள், புரிந்துகொள்வாள்.

கம்பியை அமாவாசையன்றே கட்டிவிட்டாயே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். கட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பாருங்கள்.