தன்னூஸ் அனுப்பாத பதினான்கு பதிவுகள்

இஸ்திரி போட்ட துணியைத் தொட்டால் எனக்கு மனசு லேசாகிவிடும். கஞ்சி வேண்டாம், வாசனைத் தண்ணீர் வேண்டாம், மடிப்பு கலையாமல் நின்றால் போதும்.

உட்கார், பர்ஹூம். இந்தக் காபி கேஸ் அடுப்பில் வைத்தது, கரண்டுக்கு ஆபத்தில்லை. மூன்று மாதத்தில் மூன்று முறை எங்கள் ட்ரிப் சுவிட்சை மாற்றிவிட்டாய். நல்ல எலக்ட்ரீஷியன் நீ, உன் தொழில்மேல் உனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தெருவுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர்காரரோ என் கணவர் தன்னூஸின் வாய்க்குப் பயந்து எங்கள் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். சுவிட்ச்மேல் தப்பில்லை. அவர்மேலும் தப்பில்லை. உள் அறையில் தன்னூஸ் ஒற்றை விரலால் டைப் அடிக்கிற சத்தம் கேட்கிறதல்லவா? அது ஓயும்வரை நமக்கு நேரம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டரிலிருந்து வருவது ஐந்து ஆம்பியர், அதைத் தாண்டினால் கீழே சுவிட்ச் விழுந்து வீடே இருண்டுவிடும், உனக்குத் தெரியாததா? ஃப்ரிட்ஜ், விளக்கு, நெட், தன்னூஸின் பழைய கம்ப்யூட்டர், அத்தோடு சரி. மேற்கொண்டு ஹீட்டரோ இஸ்திரிப் பெட்டியோ போடுவதானால் முதலில் குரல் கொடுக்க வேண்டும். பெய்ரூட்டில் எந்த வீட்டில்தான் இந்த வழக்கம் இல்லை? “இஸ்திரி போடப் போறேன்” என்றால் உள்ளேயிருந்து “இரு” என்றோ “போடு” என்றோ பதில் வரும். குரல் கொடுக்காமல் ப்ளக்கைச் சொருகுவது, கதவைத் தட்டாமல் குளியலறைக்குள் நுழைகிற மாதிரி. நான் குரல் கொடுக்கவில்லை. பதினான்கு முறை.

தன்னூஸ் முப்பத்தைந்து வருடம் பத்திரப் பதிவாளரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் எங்கள் மலை ஊரின் இணையப் பக்கத்தில் எழுத உட்கார்ந்தார். ஊர்க் கோயில் மணி விரிசல் விட்டது யாரால் என்பதுதான் விஷயம். மேல்தெருக்காரர்கள் ஒரு சாவுக்கு முரட்டுத்தனமாக அடித்ததால்தான் என்பது அவர் கட்சி. மணி விரிசல் விட்டபோது அவர் பிறக்கவே இல்லை.

இந்த நேரத்தில் எங்கள் ஒரே பெண் ரிந்தலா மேல்தெருப் பையன் நஸ்ரியை விரும்பினாள். நல்ல பையன். ஆனால் அவன் அம்மா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “மணியைப் பத்தி இன்னொரு வார்த்தை உங்க வீட்டுக்காரர் எழுதினாரு, நிச்சயதார்த்தம் கிடையாது.”

நான் தன்னூஸிடம் கெஞ்சினேன். “கல்யாணம் வேற, சரித்திரம் வேற, வதாத்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

முதல் முறை நடந்தது தற்செயல். அப்படித்தான் அன்று நினைத்துக்கொண்டேன். அவருக்குக் குமாஸ்தாப் பழக்கம் ஒன்று உண்டு, கையெழுத்துக்கு முன் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டுவது. அதே மாதிரி, பதிவை அனுப்புவதற்கு முன் முழுவதையும் உரக்கப் படிப்பார். “மேற்கண்ட காரணங்களால்” என்று வந்தால் அதுதான் கடைசிப் பத்தி. நான் அந்த வார்த்தை வரும்வரை இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை இப்போது யோசித்தால், முழுத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

“போச்சுடி, ரெண்டு மணி நேரம் எழுதினது அத்தனையும் போச்சு” என்று உள்ளேயிருந்து வந்தார்.

“ஜெனரேட்டரா இருக்கும்” என்றேன்.

ஒவ்வொரு முறையும் நான்தான் நான்கு மாடி இறங்கிப் போய்ச் சுவிட்சைத் தூக்கிவிட்டு ஏறி வருவேன். முழங்கால் வலியோடு. இதை யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

ரிந்தலாவுக்கு அப்பாவைப் பார்த்து வருத்தம். “அப்பா, அந்தப் பக்கத்துல இருக்கிற பெட்டிக்குள்ளயே நேரா அடிக்காதீங்க. தனியா ஒரு ஃபைல்ல எழுதுங்க, பத்து வரிக்கு ஒருதரம் சேவ் பண்ணுங்க, கடைசியில காப்பி பண்ணி அங்க ஒட்டுங்க” என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். எவ்வளவு நல்ல யோசனை.

“ஒட்டினா சூடு ஆறிடும்மா” என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த மனிதரின் பிடிவாதத்துக்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னது அன்று ஒருநாள்தான்.

ஆனாலும் கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். நான் அதிலிருந்து கம்ப்யூட்டரின் வயரை உருவிச் சுவரில் சொருகிவிட்டு, மாதா படத்து விளக்கை அதில் மாட்டினேன். அடுத்த முறை வீடே இருண்டபோது மாதா மட்டும் பளிச்சென்று நின்றார். தன்னூஸ் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று மாலையே அந்த அற்புதத்தைப் பற்றியும் எழுதினார். அதுவும் போயிற்று.

இப்படிப் பதினொன்று. நிச்சயதார்த்தம் நன்றாக முடிந்தது. நஸ்ரியின் அம்மா என் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து, “உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கத்துல நல்லதா நாலு வரி எழுதட்டும், மறுநாளே கல்யாணத் தேதி குறிச்சிடலாம். நஸ்ரிக்குக் கடல் தாண்டி சாவோ பாவ்லோல வேலை கிடைச்சிருச்சு, ரெண்டு பேரும் சேர்ந்தே கிளம்பிடலாம்” என்றாள்.

சாவோ பாவ்லோ. அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

தன்னூஸ் மறுநாளே உட்கார்ந்தார். மணி பனியில் விரிசல் விட்டது, யார்மேலும் பழியில்லை, என் மகள் மேல்தெருவுக்குப் போவது எங்களுக்குப் பெருமை என்றெல்லாம் எழுதியிருந்தார். அவர் படித்ததைக் கதவோரம் நின்று முழுவதும் கேட்டேன். “மேற்கண்ட காரணங்களால்” என்றார்.

அன்று துணி நிறையச் சேர்ந்திருந்தது, பர்ஹூம். அடுத்த வாரமும் அப்படித்தான். போன வாரமும்.

அப்படிப் பார்க்காதே. நான் அந்தக் கல்யாணத்துக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று இப்போதுதானே சொன்னேன். சாவோ பாவ்லோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைகள் போகத்தான் செய்வார்கள். யார் வீட்டில் போகவில்லை?

டைப் சத்தம் நின்றுவிட்டது. படிக்க ஆரம்பித்துவிட்டார்.

புதுச் சுவிட்ச் வேண்டாம், இதே போதும். நீ காபியைக் குடி. ரிந்தலா பயணப் பெட்டியில் எடுத்துப் போகிற நீலச் சட்டை அந்த நாற்காலியில் கிடக்கிறது பார். காலையிலிருந்து மூன்று தடவை தேய்த்துவிட்டேன். காலர் இன்னும் சரியாக நிற்கவில்லை.