மனையோடு போன புடவை

என் மகன் என்னிடம் சொல்லாமல் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டான். அந்தப் படபடப்பு அடங்காமலே ஆரணியில் களம்பூர் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு நெசவாளர் தம்பதி. மனைவி சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டிருந்தார்.

"பொடவ வாங்கனா ஜாக்கெட் பிட்டு குடுப்பாங்க. மனை வாங்கனவங்களுக்கு பட்டுப்பொடவ குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

"மொத மொத விக்கறோம், மங்களகரமா இருக்கட்டும்னு குடுத்தேன். நம்ம தறியில நெய்ஞ்சதுதானே?"

"நம்ம தறின்னா பட்டும் ஜரிகையும் சும்மா வருதா? பத்திரச் செலவு, புரோக்கர், முள்ளு வெட்டுன ஜேசிபி எல்லாம் போக லாபம் எட்டாயிரம். பொடவ எட்டாயிரத்து ஐந்நூறு. ஐந்நூறு ரூபா தண்டம் கட்டி மனை வித்திருக்கீங்க."

கணவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மெதுவா பேசு, பஸ்ஸே பாக்குது. இன்னிக்கு வாங்கற மனைய விக்கும்போது புடிச்சிடலாம்."

"விக்கும்போது இன்னா புடிப்பீங்க? வாங்கும்போதே கொறச்சாதான் உண்டு."

"மனைய விக்கற ரைஸ்மில்காரரு ஒரு ரூபா கொறைக்க மாட்டேன்னு சொல்லிகினு இருக்காரே."

"கொறைக்க வேணாங்க. மனை விக்கறவங்க பொடவ குடுக்கறது ஆரணி வழக்கம்னு சொல்லுங்க."

"அவருகிட்ட ஏது பொடவ?"

"அரிசி இருக்குதுல்ல. எட்டாயிரத்து ஐந்நூறுக்கு எவ்ளோ வருதோ அள்ளிகினு, அப்புறம் கையெழுத்து போடுங்க."

கணவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். களம்பூரில் இறங்கும்போதுதான் அந்த அம்மாளின் பையைப் பார்த்தேன். உள்ளே மூன்று காலிக் கோணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.