வேண்டாம் என்றார்

அச்சுப் பிழை திருத்துகிறவனுக்கு நல்ல கையெழுத்து அமைவது அபூர்வம்; எனக்கு அமைந்திருக்கிறது. ஆகவே இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன், இன்ஸ்பெக்டர். உங்கள் ரைட்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் ஒற்றுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். வாய் ஓயாது. ஒரு டிக்கெட் கிழிப்பதற்குள் இரண்டு கதை சொல்லிவிடுவார். நான்கு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: 'வேண்டாம்'. பசித்தாலும் வேண்டாம், தாகமெடுத்தாலும் வேண்டாம், மின்விசிறியைப் போடச் சொல்லவும் வேண்டாம். சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். மாடி வீட்டுக்காரர் 'வேண்டாம் மாமா' என்று அவருக்குப் பேரே வைத்துவிட்டார். அப்பாவும் சிரிப்பார். குரலை வைத்தே என்ன கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தொலைவில் இருக்கும் தங்கை ஃபோனில், "அப்பா, நான் வரட்டுமா?" என்பாள். "வேண்டாம்" என்பார். "பார்த்தியாண்ணா, வரச் சொல்றாரு" என்று அழுவாள். அழுதாளே தவிர வரவில்லை.

அவருக்குத் துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, வாய் வாயாக ஊட்டுவது எல்லாம் நான்தான். ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். துணைக்கு வைத்த மூன்று ஆயாக்களும் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். முதியோர் இல்லங்களில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களை எடுப்பதில்லை. ஒரு மாதம் வைத்துக்கொள் என்று தங்கையிடம் கெஞ்சினேன். "உனக்கென்னண்ணா, பிள்ளையா குட்டியா" என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்கு முடியவில்லை, இன்ஸ்பெக்டர். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். ஆனால் ஒருமுறைகூட அவர்மேல் கை வைத்ததில்லை.

அந்த நிலையில்தான், அப்போதே அமலுக்கு வந்துவிட்ட புதிய சட்டத்தின் அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. முதியோரைக் கொடுமைப்படுத்தினால் முன்பெல்லாம் கண்டித்து அனுப்பிவிடுவார்கள், இனிமேல் சிறை. அடித்தல், பூட்டிவைத்தல், கைவிடுதல், உணவு மறுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு. நல்ல சட்டம். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. உணவு பற்றிய பிரிவின் கீழே ஒரு விலக்கு இருந்தது: 'முதியவர் தாமே வாய்திறந்து வேண்டாமென மறுத்த உணவையோ நீரையோ அளிக்காதிருத்தல் குற்றமாகாது.' பெரியவர்களின் விருப்பத்தை மதிப்பதற்காகச் சேர்த்தது. பிழை ஒன்றுமில்லை. இருந்தாலும் மூன்று தடவை படித்தேன்.

மறுநாள் காலை தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். நான்கு வருடத்தில் அப்படிக் கேட்டதே இல்லை, நேரே ஊட்டிவிடுவேன்.

"வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே காத்திருந்தார்.

"சரிப்பா" என்றேன்.

மூன்று வேளையும் கேட்டேன். ஒரு வேளைகூடக் கேட்காமல் விட்டதில்லை. நீதிமன்றம் இதைக் கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வருவார்; அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் புதியவர். "என்ன சார், ஐயா இப்படி இளைச்சுக் கிடக்காரு?" என்றார். அவர் முன்னாலேயே கேட்டுக் காட்டினேன். அப்பா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுத் தடவை வேண்டாம், வேண்டாம் என்றார். "ரொம்பப் பிடிவாதக்காரரா இருக்காரே" என்று சொல்லிவிட்டு, 'நோயாளி உணவை மறுக்கிறார்' என்று குறித்துக்கொண்டார். தங்கை ஃபோன் செய்தபோதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்றேன்.

தண்ணீரை மட்டும் கேட்காமலே கொடுத்துவந்தேன். எட்டாம் நாளிலிருந்து அதையும் கேட்க ஆரம்பித்தேன்.

இழவுக்கு வந்த தங்கை உங்களிடம் சொன்னது சரி. அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. விலக்கில் 'பொருளுணர்ந்து' என்று ஒரு சொல் இருந்திருந்தால் என்னால் உள்ளே நுழைந்திருக்க முடியாது. அடுத்த திருத்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். என்னால் ஆன உதவி அது.

பத்தாம் நாள் காலை அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. வழக்கமான கேள்வியைத்தான் கேட்க வாயெடுத்தேன், வேறு கேள்வி வந்துவிட்டது.

"அப்பா, உங்க கதையை இத்தோட முடிச்சுக்கலாமா?"

"வேண்டாம்" என்றார். கும்பிடுவதற்கு இடது கை மட்டும் எழுந்தது.

நான்கு வருடத்தில் அந்த ஒரு தடவைதான் அந்தச் சொல் அகராதியில் உள்ள பொருளிலேயே வந்தது. எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அதற்கும் "சரிப்பா" என்றேன். தட்டில் இருந்ததை நானே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.